உஷார்! தெருவை அடைத்துப் பந்தல் போடும் முன்...

ஆடி பிறக்கப் போகிறது. கூழ் வார்த்தல், தீமிதி, அதன் பின்னாலேயே விநாயகர் சதுர்த்தி என்று வரிசையாக வரும். வசூல் நோட்டு இப்போதே தெருவைச் சுற்றிக்கொண்டிருக்கும். பந்தல்காரருக்கு அட்வான்ஸ் போயிருக்கும். மைக் செட், சீரியல் லைட், பாட்டுக் கச்சேரி எல்லாம் பேசி முடித்திருப்பார்கள். உங்கள் தெரு விழாக்குழுவில் இருக்கும் யாரையாவது இன்றைக்கே பிடித்துக் கேளுங்கள்: "அண்ணே, தெருவை அடைக்கிறதுக்கு பெர்மிஷன் வாங்கியாச்சா?"

"வருஷா வருஷம் போடுறதுதானே தம்பி, கவுன்சிலர்கிட்ட சொல்லியாச்சு, ஸ்டேஷன்லயும் ஒரு வார்த்தை போட்டாச்சு" என்று பதில் வந்தால், தயவுசெய்து அதோடு விட்டுவிடாதீர்கள். முப்பது வருடமாகப் போட்டுவந்த பந்தல் என்பதால் முப்பத்தோராவது வருடம் அனுமதி தானாக வந்துவிடாது. கவுன்சிலர் வாய்மொழியாகத் தலையாட்டியதற்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை. அசம்பாவிதம் நடந்த மறுநிமிடம் அதிகாரிகள் கேட்பது கையெழுத்தும் முத்திரையும் உள்ள காகிதத்தைத்தான். அது இல்லையென்றால் வழக்கு விழாக்குழுவின் மேல்தான் பாயும்.

ஆனால் காகிதத்தை விட முதலில் பார்க்க வேண்டியது தெருமுனை.

பந்தல்காரர் எப்போதும் தெருமுனையில்தான் முதல் கம்பை நடுவார். அங்கேதான் தோரணவாயில், அங்கேதான் அம்மன் உருவம் ஒளிரும் சீரியல் தட்டி. அதற்குப் பின்னால் தெருவின் முழு அகலத்துக்கும் துணி விரித்து, நாற்காலி அடுக்கி, கடைசியில் மேடை. இப்போது இரவு பதினொரு மணிக்கு நடுத்தெருவில் ஒரு வீட்டில் ஒருவருக்கு நெஞ்சு வலிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 108 வருகிறது. முனையில் சவுக்குக் கட்டை. சுற்றி வரலாமென்றால் மறுமுனை முட்டுச்சந்து, அல்லது அங்கே விழாவுக்கு வந்தவர்களின் பைக் வரிசை. ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் நாற்காலிகளுக்கு நடுவே ஓட வேண்டும். மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசையும் மூளையும் செத்துக்கொண்டிருக்கும். அந்த ஐந்து பத்து நிமிடத்தை விழாக்குழு திருப்பித் தர முடியாது.

தீயணைப்பு வண்டி இன்னும் பெரியது. அகலம் சுமார் இரண்டரை மீட்டர். கண்ணாடியும் திருப்பமும் சேர்த்தால் பன்னிரண்டு அடியாவது இடைவெளி தேவை. பத்தடி உயரத் தோரணவாயிலுக்குள் அது நுழைவதே சந்தேகம். ஆகவே பந்தலைத் தெருவின் ஒரு பக்கமாக ஒதுக்கிப் போடுங்கள். தெரு குறுகலாக இருந்து அதற்கு வழியில்லை என்றால், நடுவில் கம்பே இல்லாமல், ஒரு பக்கத் துணியை இரண்டு பேர் ஒரு நிமிடத்தில் சுருட்டிவிடக்கூடிய மாதிரி கட்டச் சொல்லுங்கள். வளைவு கட்டியே தீர வேண்டுமென்றால் பதினைந்து அடிக்குக் குறையாமல் உயர்த்துங்கள். இரண்டு முனையிலும் விழா முடியும்வரை ஆள் நிற்க வேண்டும். பேருக்கு நிற்கிற ஆள் போதாது. தடுப்பை நகர்த்தத் தெரிந்தவராக, எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்தவராக இருக்க வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, ஆம்புலன்ஸுக்கு வழிவிடாத ஓட்டுநருக்கு 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-வது பிரிவில் பொதுவழியை மறித்து இடையூறு செய்தவருக்கு 5,000 ரூபாய்வரை அபராதம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இதே குற்றத்துக்கு வெறும் 200 ரூபாய்தான் இருந்தது. கட்டிவிட்டுப் போய்விடலாம் என்ற அலட்சியம் அந்தக் காலத்தில் வந்தது. இன்று அப்படி நினைக்காதீர்கள். அலட்சியத்தால் ஓர் உயிர் போனால் அதே சன்ஹிதாவின் 106-வது பிரிவு வரும். ஐந்து ஆண்டுவரை சிறை. பழைய சட்டத்தில் இரண்டு ஆண்டாக இருந்தது 2024 ஜூலை 1 முதல் இப்படி ஆகிவிட்டது.

அடுத்து, தலைக்கு மேலே பாருங்கள்.

2022 ஏப்ரல் 27 அதிகாலை. தஞ்சாவூருக்குப் பக்கத்தில் களிமேடு கிராமம். அப்பர் சதய விழாவுக்காகச் சப்பரம் வீதியுலா வந்துகொண்டிருந்தது. ஒரு திருப்பத்தில் சப்பரத்தின் மேல்பகுதி உயரழுத்த மின்கம்பியில் உரசியது. சிறுவர்கள் உட்பட 11 பேர் இறந்துபோனார்கள். அந்த ஊர்க்காரர்கள் ஒன்றும் புதிதாக விழா எடுத்தவர்கள் இல்லை. தலைமுறை தலைமுறையாக அதே வீதியில் அதே சப்பரத்தை இழுத்தவர்கள். ஆனால் சாலை மறுபடி மறுபடி போடப்படும்போது தரை உயர்கிறது, கம்பி உயர்வதில்லை. களிமேட்டிலும் சாலை உயர்ந்துபோயிருந்தது என்று அப்போதே பேசப்பட்டது. அலங்காரமோ ஆண்டுக்கு ஆண்டு உயரம் கூடுகிறது. போன வருடம் தாண்டிப்போன இடத்தில் இந்த வருடம் தட்டும்.

தெருவைக் குறுக்கே கடக்கும் தாழ்வழுத்தக் கம்பி தரையிலிருந்து குறைந்தது 5.8 மீட்டர், உயரழுத்தக் கம்பி 6.1 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. உங்கள் தெருவில் அந்த உயரம் உண்மையிலேயே இருக்கிறதா? பத்துப் பதினைந்து முறை தார் போட்ட தெருவாக இருந்தால் எனக்குச் சந்தேகம்தான். கம்பை நீட்டி அளந்து பார்க்கும் வேலையை மட்டும் யாரும் செய்துவிடாதீர்கள், அதுவே சாவு. மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் எழுதிக்கொடுத்து லைன்மேனை வரவழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தேர், சப்பரம், பெரிய சிலை என்று எது நகர்ந்தாலும், அது போகும் வழியையும் நேரத்தையும் எழுதிக்கொடுத்து, அந்த நேரத்துக்கு மின்சாரத்தை நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். "நம்ம லைன்மேன்தான், போன் போட்டா ஆஃப் பண்ணிடுவாரு" என்ற நம்பிக்கையில் ஒரு குழந்தையைக் கூடச் சப்பரத்தில் ஏற்றாதீர்கள். எந்தக் கம்பி எந்த டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வருகிறது என்பதில் ஒரு தப்பு நேர்ந்தால் போதும்.

மேலே கம்பி இல்லாத தெருவில் இருப்பவர்கள் நிம்மதி அடைய வேண்டாம். சென்னையின் பல பகுதிகளில் மின்சாரம் பூமிக்கடியில் ஓடுகிறது. பந்தல் கால் நடக் கடப்பாரையால் இரண்டடி குத்துவார்கள் பாருங்கள், அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று குத்துகிறவருக்குத் தெரியாது. கேபிள் இருக்கலாம், குடிநீர்க் குழாய் இருக்கலாம், இப்போது சில இடங்களில் சமையல் எரிவாயுக் குழாயும் பதித்துக்கொண்டிருக்கிறார்கள். தெருவோர மின் பில்லர் பாக்ஸை ஒட்டிக் குழி தோண்டுவதும், அதன் மேல் துணி கட்டுவதும், அதற்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக் குழந்தைகளை உட்கார வைப்பதும் நான் பல இடங்களில் பார்த்துப் பதறியவை. சாலையை உடைப்பதே அனுமதியில்லாமல் செய்யக்கூடாத காரியம். மண் நிரப்பிய டிரம்மில் கம்பை நிறுத்தலாம். கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான். பந்தல்காரர் முனகுவார். முனகட்டும்.

பந்தலே தீக்கு இரையாகும் பொருள் என்பதை நாம் எத்தனை முறைதான் மறப்பது? 1997 ஜூன் 7-ம் தேதி தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தலில் தீப்பிடித்து 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தல் முகூர்த்த நேரத்தில் எரிந்தது. மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். வீடியோ விளக்குக்கு இழுத்த மின்வயரிலிருந்து தீ பரவியது என்றார்கள். இரண்டு இடத்திலும் ஆட்கள் வெளியேற வழி போதவில்லை. இப்போது கீற்று குறைந்து பாலியெஸ்டர் துணி வந்திருக்கிறது. அது எரியும்போது உருகிச் சொட்டும். தலையிலும் தோளிலும் ஒட்டிக்கொண்டு எரியும். தற்காலிகப் பந்தல்களுக்கென்றே இந்தியத் தர நிர்ணயத்தில் ஐ.எஸ். 8758 என்று ஒரு விதித்தொகுப்பு இருக்கிறது. மின்கம்பிக்குக் கீழே பந்தல் கூடாது, கூரை மூன்று மீட்டருக்குக் குறையக் கூடாது, செயற்கை இழைத் துணியும் கயிறும் கூடாது என்று அது தெளிவாகச் சொல்கிறது. இந்த மூன்றையும் கடைப்பிடித்த ஒரு தெருப் பந்தலைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

அன்னதானச் சமையலைப் பந்தலுக்குள்ளேயே வைப்பதையும் நிறுத்துங்கள். ஆளுக்கொரு வீட்டிலிருந்து 14.2 கிலோ சிலிண்டரைத் தூக்கிவந்து பெரிய அடுப்பில் மாட்டுகிறார்கள். வீட்டு இணைப்பு சிலிண்டரை வீட்டுச் சமையலுக்குத்தான் பயன்படுத்த வேண்டும். இந்த மாதிரி வேலைக்கு 19 கிலோ வணிக சிலிண்டர் இருக்கிறது. சமையலைத் தனியாக, திறந்த இடத்தில், தண்ணீர் டிரம்மும் மணல் வாளியும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யச் சொல்லுங்கள்.

மின்சாரம் எங்கிருந்து எடுக்கிறார்கள் என்பதைக் கவனித்தீர்களா? தெருக்கம்பத்தில் கொக்கி போடுவது 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135-வது பிரிவின்படி மின்திருட்டு. மூன்று ஆண்டுவரை சிறை வைக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் பெருந்தன்மையாகத் தன் மீட்டரிலிருந்து வயர் இழுத்துக் கொடுத்தாலும், வீட்டு இணைப்பை வேறு காரியத்துக்குப் பயன்படுத்திய சிக்கல் அவர் தலையில் விழும். மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு கேட்டு வாங்குங்கள். கட்டணம் அதிகம்தான், ஆனால் அதற்கென்று ஒரு மீட்டரும் பொறுப்பும் வருகிறது. அந்த இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே நின்றுவிடும் ஆர்.சி.சி.பி. மாட்டியிருக்கிறதா என்று கேளுங்கள். இரும்புக் கம்பில் சுற்றிய சீரியல் லைட்டில் எங்கோ ஓரிடத்தில் உறை கிழிந்திருந்து, ஒரு தூறல் விழுந்து, ஒரு குழந்தை அந்தக் கம்பைப் பிடித்தால் காப்பாற்றக் கூடியது அந்தச் சின்னப் பெட்டி ஒன்றுதான். ஜெனரேட்டரை வீட்டு ஒயரிங்கில் சொருகி ஓட்டவே கூடாது. மின்சாரம் பின்னோக்கிக் கம்பிக்குப் போய், நின்றுபோன லைனை நம்பிக் கம்பத்தில் ஏறிய ஊழியரைக் கொல்லும்.

சரி, யார் யாரிடம் போக வேண்டும்? காவல் நிலையம், மாநகராட்சி அல்லது நகராட்சி அல்லது ஊராட்சி அலுவலகம், மின்வாரியப் பிரிவு அலுவலகம், தீயணைப்பு நிலையம். தெரு நெடுஞ்சாலைத் துறைக்குச் சொந்தமானதாக இருந்தால் அவர்களிடமும். சென்னையில் பொது இடத்தில் கூட்டமோ ஊர்வலமோ நடத்த, சென்னை மாநகரக் காவல் சட்டத்தின் 41-வது பிரிவின்படி ஐந்து நாட்களுக்கு முன்பே மனு கொடுக்க வேண்டும். ஐந்து நாள் என்பது கடைசி எல்லை. விழாவுக்கு மூன்று நான்கு வாரம் இருக்கும்போதே ஆரம்பித்துவிடுங்கள். மனுவில் தெருவின் பெயர், எந்தக் கதவு எண்ணிலிருந்து எதுவரை, எந்த நாள், எத்தனை மணிக்கு அடைத்து எத்தனை மணிக்குத் திறப்பீர்கள், மாற்றுவழி எது, பொறுப்பாளர்கள் யார் என்று எழுத வேண்டும். ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்தால் இன்ஸ்பெக்டருக்கும் வேலை எளிது. மனு கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். அது அனுமதி இல்லை என்பதும் நினைவிருக்கட்டும். பதில் ஆணை கையில் வர வேண்டும்.

ஒலிபெருக்கிக்குத் தனியாக எழுத்து மூலமான அனுமதி வேண்டும். 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்பது அளவு. மருத்துவமனை, பள்ளிக்கூடம், நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. பண்டிகைக்காக நள்ளிரவு 12 வரை நீட்டிக்க மாநில அரசு அனுமதிக்கலாம், அதுவும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் இல்லை. அந்தச் சலுகையை விழாக்குழு தானாக எடுத்துக்கொள்ள முடியாது.

இத்தனை அலுவலகம் ஏறி இறங்க யாரால் முடியும் என்று நீங்கள் கேட்பது நியாயம். இதைச் சொல்லாமல் இந்த எச்சரிக்கையை நான் முடிக்க மாட்டேன். லட்சக்கணக்கில் வாடகை கொடுத்து மண்டபம் பிடிக்க முடியாதவர்களுக்குத் தெருதான் மண்டபம். வீட்டுவசதி வாரியக் குடியிருப்பிலும் குப்பத்திலும் காதுகுத்தும் மஞ்சள் நீராட்டும் கருமாதியும் தெருவில்தான் நடக்கும், வேறெங்கே நடக்கும்? சாவு வீட்டுப் பந்தலுக்கு ஐந்து நாள் முன்னால் யார் மனு கொடுப்பது? அவர்களை மிரட்டுவதற்காகச் சட்டத்தை எடுத்து ஆட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. விநாயகர் சிலை வைப்பதற்கு 2018-ல் தமிழக அரசு ஓர் ஆணை போட்டது. காவல்துறை, தீயணைப்பு, மின்வாரியம், உள்ளாட்சி என நான்கு தடையில்லாச் சான்றும் பெற்று, நகரங்களில் உதவி ஆணையரும் மற்ற இடங்களில் கோட்டாட்சியரும் ஒரே இடத்தில் அனுமதி தருவது என்று ஏற்பாடு. எளிதில் தீப்பற்றும் பொருளால் பந்தல் கூடாது, சிலை பீடத்தோடு சேர்த்துப் பத்தடிக்கு மேல் கூடாது என்றெல்லாம் நிபந்தனைகளும் உண்டு. அதே ஒற்றைச்சாளரத்தைக் கூழுக்கும் பொங்கல் விளையாட்டுக்கும் கல்யாணத்துக்கும் ஏன் திறக்கக் கூடாது? வார்டு அலுவலகத்தில் ஒரே படிவம், மூன்று நாளில் பதில், துக்க வீட்டுக்கு ஒரு போன் போதும் என்று வைத்தால் திருட்டுத்தனமாகக் கம்பு நட யாருக்கும் தேவை இருக்காது. அரசு இதைச் செய்ய வேண்டும். செய்யும்வரை கஷ்டப்பட்டாவது அலையத்தான் வேண்டும், ஏனென்றால் மின்கம்பிக்கு ஏழை பணக்காரன் தெரியாது.

விழாக்குழுவினர் அனுமதிக்குப் போவதற்கு முன்பே வீடு வீடாகப் போங்கள். வசூலுக்குப் போகிற அதே கால்கள்தானே. யார் வீட்டில் டயாலிசிஸ் போகிறவர் இருக்கிறார், யாருக்கு ஆக்சிஜன் இயந்திரம் ஓடுகிறது, எந்தப் பெண்ணுக்கு இந்த வாரம் பிரசவம், எந்தப் பிள்ளைக்குப் பரீட்சை என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த வீடுகளுக்கு நேர் எதிரே மேடையும் வேண்டாம், ஸ்பீக்கர் பாக்ஸும் வேண்டாம். அவர்களுடைய வண்டியை முதல் நாளே தெருவுக்கு வெளியே நிறுத்த இடம் ஏற்பாடு செய்து கொடுங்கள். மாற்று மதக்காரர், புதிதாகக் குடிவந்தவர், வாடகைக்கு இருப்பவர் என்று யாரையும் விட்டுவிடாதீர்கள். சத்தம் போட்டுக் கேட்கத் தயங்குகிறவர்கள் இவர்கள்தான்.

நீங்கள் விழாக்குழுவில் இல்லாதவர், உங்கள் வீட்டில் நோயாளி இருக்கிறார் என்றால், பந்தல் கால் நடும் அன்றே பேசுங்கள். மேடை ஏறிய பிறகு பேசினால் சண்டையாகத்தான் முடியும். கேட்கவில்லையென்றால் காவல் நிலையத்தில் எழுதிக்கொடுங்கள். சென்னையில் மாநகராட்சியின் 1913, மின்கம்பி ஆபத்தாகத் தெரிந்தால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987, அவசரமென்றால் 112. வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போய் 108-ஐ அழைக்கும்போது, தெரு அடைத்திருக்கிறது, இந்த முனையில் வரவேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டு, ஓர் ஆளை அந்த முனைக்கு ஓடச் சொல்லுங்கள்.

அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போடப்போகும் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவருக்கும் தனியாக ஒரு வார்த்தை. "சும்மா பேருக்கு ஒரு கையெழுத்துப் போடுங்கண்ணே" என்று பையன்கள் நீட்டுவார்கள். நிபந்தனைகளை வரி வரியாகப் படித்துவிட்டுப் போடுங்கள். அதில் உள்ள ஒவ்வொரு நிபந்தனைக்கும் அன்றிரவு நீங்கள்தான் பொறுப்பு. பாட்டு பத்து மணிக்கு நிற்கவில்லை என்றாலும், வெடி வைத்த பையன் பந்தலுக்குக் கீழே வைத்தான் என்றாலும் உங்களைத்தான் தேடி வருவார்கள்.

விழா முடிந்த இரவே பந்தலைப் பிரித்தாக வேண்டும் என்று பந்தல்காரரிடம் முன்கூட்டியே பேசி, பாக்கிப் பணத்தை அதுவரை நிறுத்தி வையுங்கள். இல்லையென்றால் அவருக்கு அடுத்த ஆர்டர் வரும்வரை கம்புகள் உங்கள் தெருவில் கிடக்கும். அனுமதித்த நேரம் தாண்டினால் அது மறுபடியும் ஆக்கிரமிப்புதான். குழி தோண்டியிருந்தால் மண்ணைத் தள்ளி மூடுவது போதாது. ஒரு மழைக்கு அது இறங்கிவிடும், ராத்திரி பால் வண்டியோ பைக்கோ அதில் விழும். ஜல்லியும் சிமென்டும் போட்டு நிரப்பி, காயும்வரை மேலே ஒரு பலகையும் சிவப்புத் துணியும் வைத்துவிட்டு, தெருவின் இரண்டு முனைத் தடுப்பையும் எடுத்த பிறகே வீட்டுக்குப் போங்கள்.